பேடர் கதையில் நீங்கள் தாண்டிப்போன எட்டு வருடங்கள்

கேள்வி: இரண்டாம் உலகப்போர் விமானி டக்ளஸ் பேடரைப் பற்றிப் பள்ளி நாட்களிலேயே படித்து வியந்தவன் நான். இரண்டு காலும் இல்லாமல் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டியவர். போன வருடம் பைக் விபத்தில் என் மகனுக்கு (வயது 22) இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக்கால் வாங்கியும் அதை மாட்டாமல் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறான். தைரியம் வரட்டும் என்று பேடர் கதையை அடிக்கடி சொல்வேன். போன வாரம், "இனிமே அந்த ஆள் பேரை எடுக்காதீங்கப்பா" என்று கத்திவிட்டான். நான் செய்ததில் என்ன தவறு?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: ஐயா, பேடரை எனக்கும் பிடிக்கும். அதனால் அவரை விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரியில் கால் போனது, அடுத்த வரியில் ஸ்பிட்ஃபயர் என்றுதான் நீங்கள் கதை சொல்லியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. நம்மில் பலரும் அப்படித்தான் சொல்கிறோம்.

நடந்ததைப் பாருங்கள். 1931 டிசம்பர் 14, இங்கிலாந்தில் ரெடிங் பக்கத்தில் உட்லி விமானத்தளம். பேடருக்கு 21 வயது. தரைக்கு மிக அருகில் சாகசம் காட்டப்போய் இறக்கை தரையில் தட்டி விமானம் நொறுங்கியது. வலது கால் முழங்காலுக்கு மேலேயும் இடது கால் கீழேயும் போயின. அவர் மறுபடி விமானப்படையில் சேர்ந்து ஒரு படைப்பிரிவுக்குப் போனது 1940 பிப்ரவரியில். நடுவில் எட்டு வருடம்! 1932-லேயே விமானம் ஓட்டிக் காட்டினார். ஆனாலும் விதியில் இடமில்லை என்று 1933-ல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு எண்ணெய் கம்பெனியில் மேஜை வேலை. கோல்ஃப் ஆடப் பழகினார். மட்டையை வீசியதும் கீழே விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். போர் வந்து பயிற்சி பெற்ற விமானிகள் தேவைப்பட்ட பிறகுதான் கதவு திறந்தது. 20-க்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியவர் என்ற பெயரெல்லாம் அதற்கப்புறம் வந்ததுதான். உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவனுடைய முதல் வருடத்தைப் பேடரின் ஒன்பதாம் வருடத்தோடு நிறுத்தி அளந்தால் அவன் கத்தாமல் என்ன செய்வான்?

உங்களுக்காகவும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1941 ஆகஸ்ட் 9-ல் பிரான்ஸுக்கு மேலே பேடரின் விமானம் வீழ்ந்தது. வெளியே குதிக்கும்போது வலது செயற்கைக்கால் உள்ளே மாட்டிக்கொண்டது. காலைக் கட்டியிருந்த பட்டை அறுந்ததால் உயிர் பிழைத்தார், ஆனால் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். ஜெர்மானியர்கள் வழிவிட, ஆங்கிலேயர்கள் ஒரு புதுக் காலைப் பாராசூட்டில் போட்டார்கள். அந்தக் காலை மாட்டிக்கொண்டு தப்பிக்கவும் பார்த்தார். கடைசியில் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். இதையெல்லாம் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். கோல்டிட்ஸில் அவர் குளிக்கப் போக படிக்கட்டில் ஏற்றி இறக்க ஒருவர் தேவைப்பட்டார் என்பதைச் சொன்னீர்களா? அங்கே கூடவே கைதியாக இருந்த அலெக்ஸ் ராஸ் என்ற மருத்துவ உதவியாளர் அவரை முதுகில் சுமந்தார். ராஸுக்கு ஊர் திரும்ப வாய்ப்பு வந்தபோது பேடர் விடவில்லை. போர் முடியும் காலம்வரை ராஸ் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. அதைப் படித்த அன்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பேடருக்கு இருந்த அசாத்தியத் துணிச்சலோடு ஒரு கடுமையும் ஒட்டிக்கொண்டிருந்தது. துணிச்சலை வியக்கும்போது அந்தக் கடுமையும் நம்மை அறியாமல் நம் பேச்சில் வந்துவிடும். "அவருக்கு ரெண்டு காலும் இல்ல, உனக்கு ஒண்ணுதானே" என்று எப்போதாவது சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்பா கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் அந்தக் கால்? அவன் சோம்பல்பட்டு அதை ஒதுக்கியிருப்பான் என்று நான் நம்பவில்லை. வலிக்கிறதா என்று கேட்டீர்களா? கால் எடுத்த முதல் வருடத்தில் மிஞ்சிய பகுதி சுருங்கிக்கொண்டே வரும். வாங்கியபோது கச்சிதமாக இருந்த சாக்கெட் (மிஞ்சிய காலை நுழைத்துக்கொள்ளும் கிண்ணம் போன்ற பகுதி) சில மாதங்களில் தளர்ந்து, தோலை உரசிப் புண்ணாக்கும். அதைத் திருத்தலாம், தேவைப்பட்டால் மாற்றலாம். வாங்கிய இடத்தில் சரியாகக் கவனிக்காவிட்டால் சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பேடருக்கும் லண்டன் ரோஹாம்ப்டன் மருத்துவமனையில் திரும்பத் திரும்பச் சரிசெய்த பிறகே கால்கள் பொருந்தின.

அந்தக் கால்களைச் செய்தவர்கள் டெசூட்டர் குடும்பத்தார். அந்த வீட்டில் மார்செல் என்பவர் விமானி. 1913-ல் விபத்தில் ஒரு காலை இழந்தார். மரக்காலின் கனம் தாங்காமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்து, தம்பி சார்லஸ் லேசான உலோகத்தில் ஒரு கால் செய்து கொடுத்தார். அதிலிருந்துதான் கம்பெனியே பிறந்தது. எனக்கு பேடரின் சாகசங்களைவிட இந்தத் தம்பிதான் அதிகம் நினைவில் நிற்கிறார். அண்ணனுக்கு அவர் யார் கதையையும் சொல்லவில்லை. வலிக்கிற இடத்தைப் பார்த்தார்.

போரில் இருந்து திரும்பிய பேடரும் கால் இழந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். மாற்றுத்திறனாளிகளுக்காக உழைத்ததற்குத்தான் 1976-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. மருத்துவமனைக்குப் போகும்போது, செயற்கைக்காலோடு வேலைக்குப் போய்வரும் யாராவது உங்கள் மகனிடம் கொஞ்ச நேரம் பேசுவார்களா என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். அவர்கள் பேசும்போது நீங்கள் வெளியே டீ குடிக்கப் போய்விடுங்கள்.