இரண்டு நாள் மாநாட்டுக்கு முதல்முறை போகிறேன், அங்கே யாரையும் தெரியாது. நல்ல தொடர்புகளை எப்படிப் பிடிப்பது?

சென்னை நந்தம்பாக்கம் ட்ரேட் சென்டர் மாதிரி பெரிய இடத்தில் நடக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து பேர் போதும். ஐம்பது விசிட்டிங் கார்டு வாங்கி வருபவருக்கு மறுநாள் ஒரு முகமும் ஞாபகம் இருக்காது.

ஒரு வாரம் முன்பே பேச்சாளர் பட்டியலில் ஏழெட்டுப் பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பெயர்களைத் துரத்தாதீர்கள். மேடையிலிருந்து இறங்கியதும் அவர்களைச் சுற்றி செல்ஃபிக் கூட்டம் நிற்கும், உங்களுக்கு அரை நிமிடம் தேறாது. சின்ன அறையில் பேசுபவர்கள், பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள்தான் நின்று பேசுவார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே இரண்டு வரி: "உங்கள் அமர்வுக்கு வருகிறேன். இன்ன விஷயத்தில் ஒரு சந்தேகம், டீ இடைவேளையில் ஐந்து நிமிடம் கிடைக்குமா?" லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் குறிப்போடு அழைப்பு அனுப்ப மாத வரம்பு உண்டு, பார்த்துச் செலவழியுங்கள்.

9 மணி நிகழ்ச்சி என்றால் 8.15க்கு அங்கே இருங்கள். காலை நேரத்தில் பூந்தமல்லி சாலையை நம்பாதீர்கள். ஆலந்தூர் வரை மெட்ரோ, அங்கிருந்து ஆட்டோ. சீக்கிரம் வருபவர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் நிற்பார்கள். பத்து மணிக்குள் எல்லோரும் கும்பல் சேர்ந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு நுழைவது சிரமம். (ஆபீஸ் நண்பர்களோடு போனால் நீங்களும் அப்படி ஒரு கும்பல்தான். உள்ளே போனதும் பிரிந்துவிடுங்கள்.)

இரண்டு பேர் நேருக்கு நேர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் தள்ளி நில்லுங்கள். மூன்று பேர் சற்று விலகி நின்றால் இடம் இருக்கிறது. "நீங்க என்ன பண்றீங்க?" என்ற கேள்விக்கு அவர்கள் காலையிலிருந்து ஒரே பதிலை ஒப்பித்திருப்பார்கள். "காலையில எந்த செஷன் தேறிச்சு?" என்று கேட்டால் கருத்து வரும், அதிலிருந்து பேச்சு நீளும். தமிழ் வாடை அடித்தால் தமிழுக்கு மாறலாம், ஆனால் வட்டத்தில் ஹைதராபாத்காரர் ஒருவர் இருந்தால் ஆங்கிலத்திலேயே தொடருங்கள். வயதில் மூத்தவரிடம் "சார்", "மேடம்" சொல்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை. "ப்ரோ" வேண்டாம்.

மதிய சாப்பாட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாம்பார் சாதத்தில் கை வைத்த பிறகு கார்டும் வாங்க முடியாது, க்யூஆரும் ஸ்கேன் பண்ண முடியாது. வரிசையில் நிற்கும்போது பேச்சைத் தொடங்கிவிட்டு, கை கழுவிய பிறகு காபி கவுன்டரில் முடியுங்கள். சின்ன கப் காபி இரண்டு மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். "இன்னொருத்தரையும் பார்க்கணும், உங்க நம்பர் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிக் கிளம்ப அதுவே சாக்கு.

உங்கள் கார்டை பளபளப்பான லேமினேஷன் இல்லாமல் அச்சடியுங்கள், 30 எடுத்துப் போனால் போதும். பளபளப்பில் பேனா மை ஒட்டாது, வாங்குபவர் பின்பக்கம் எதையும் எழுத முடியாது. நீங்கள் வாங்கும் கார்டிலும் நகர்ந்த உடனே எழுதுங்கள்: "மதுரை, கிடங்கு மென்பொருள், ஜிஎஸ்டி பில்லில் சிக்கல், புதன் போன்." சாயங்காலம் எழுதலாம் என்று விட்டால் யார் எதைச் சொன்னார் என்பது குழம்பிவிடும்.

அன்று இரவே செய்தி அனுப்புங்கள். பேசிய விஷயம் ஒன்று, நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன லிங்க் ஒன்று, அவ்வளவுதான். ரெஸ்யூமை அதில் சேர்த்தால் பேசிய ஐந்து நிமிடமும் வேலை கேட்கத்தான் என்று ஆகிவிடும். வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் எல்லோருக்கும் ஒரே செய்தியைத் தட்டிவிடவும் வேண்டாம்: உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போகும், அன்றுதான் சந்தித்தவர் சேமித்திருக்க வாய்ப்பு குறைவு. பதில் வரவில்லையா, பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதிலும் "ஜஸ்ட் ஃபாலோ அப்" என்று எழுதாமல், அந்த ஜிஎஸ்டி பில் சிக்கலுக்குப் பயன்படும் ஏதாவது ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள்.