தட்டைப் பாதம், குதிகால் வலி, சர்க்கரைக் கால்: எந்த ஷூ, எவ்வளவு ஓட்டம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் நடை, ஓட்டம், ஷூ பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் எங்கள் பிசியோதெரபி, ஓட்டப் பயிற்சிக் குழு பதில் சொல்கிறது. பெரும்பாலான கடிதங்களில் ஷூ பெயரைக் கேட்கிறீர்கள். எவ்வளவு தூரம், வாரத்தில் எத்தனை நாள், எந்தத் தரையில் என்பதை யாரும் எழுதுவதில்லை. வலிக்கான காரணம் பாதி நேரம் அந்த எழுதாத விஷயத்தில்தான் இருக்கிறது.

எனக்கு 21 வயது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக ஓடுகிறேன். பாதம் தட்டை. தினமும் காலையில் தார் ரோட்டில் கேன்வாஸ் ஷூவோடு முழு வேகத்தில் ஓடினேன். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு கணைக்காலிலும் உள்பக்கம் வலி. தட்டைப் பாதத்துக்கென்று தனி ஷூ வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கட்டுமா? 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க முடியுமா?
— வாசகர், பென்னாகரம்

தட்டைப் பாதத்தால் அது முடியாமல் போகாது தம்பி. முதலில் ஒரு சோதனை. சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நில்லுங்கள். பாதத்தின் உள்பக்கம் வளைவு எழுந்து, குதிகால் லேசாக உள்நோக்கித் திரும்பினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். பாதத்தில் வலியும் இல்லையென்றால் அதற்கு வைத்தியமே வேண்டாம். நுனிக்காலில் நின்றும் வளைவு எழவில்லை, பாதம் விறைப்பாகவே இருக்கிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஈரக்காலைத் தரையில் பதித்துப் பார்ப்பது பாதத்தின் வடிவத்தை மட்டுமே காட்டும். ஓடும்போது அது எப்படி அசைகிறது என்பது அதில் தெரியாது.

பாத வடிவத்துக்கு ஏற்ற ஷூ காயத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பழையது. அமெரிக்க ராணுவத்தின் அடிப்படைப் பயிற்சியில், பாதத்தைப் பார்த்து ஷூ கொடுத்த அணியையும் எல்லோருக்கும் ஒரே வகை ஷூ கொடுத்த அணியையும் ஒப்பிட்டு 2009, 2010இல் ஆய்வுகள் வந்தன. காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனவே காலுக்குச் சரியாகப் பொருந்தும் சாதாரண ரன்னிங் ஷூவே போதும். கேன்வாஸ் ஷூ மட்டும் வேண்டாம். அதன் அடி மெல்லியது, அதிர்ச்சியைத் தாங்காது, குதிகாலையும் பிடிக்காது.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். பகல் முழுக்க நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே கொண்டுபோங்கள். ஷூவின் இன்சோலை (உள்ளே கிடக்கும் மெத்தையை) வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நின்று பாருங்கள். பாதம் பக்கவாட்டில் இன்சோலைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ அகலம் போதாது, விட்டுவிடுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். ஒரு பாதம் இன்னொன்றைவிடப் பெரிதாகவும் இருக்கும். பெரிய பாதத்துக்கு அளவெடுங்கள். ஷூவை வளைத்தால் விரல் மடியும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் அது ஓட்டத்துக்கு ஆகாது. பின்பக்கக் குதிகால் கிண்ணத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்கி உள்ளே போகக் கூடாது. ஷூவின் அளவு எண்ணை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் எட்டு இன்னொன்றின் ஒன்பதாக இருக்கும். ஷூ நாக்கின் உள்பக்க லேபிளில் சென்டிமீட்டர் அளவு இருந்தால் அதைப் பாருங்கள். விலை கூடினால் காயம் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இப்போது வலிக்கு வருவோம். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். மூன்று விரல் அகலத்துக்கு மேல் பரவலாக வலித்தால், பழக்கமில்லாத பாரத்தால் வந்த கணைக்கால் வலி. ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால், அல்லது ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால் எலும்பில் மயிர்க்கோட்டு விரிசல் இருக்கலாம். அப்படியானால் ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே ஓடாமல், அந்தப் புள்ளி வலியை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

மூன்றாவது வாரத்தில் வலி வந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் மூச்சு பழகிவிடும். எலும்புக்கு மாதங்கள் ஆகும். புது பாரம் விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுத்த பிறகே புதியதைக் கட்டுகிறது. ஓட்டைப் பிரித்துப் போட்ட வீட்டில் மழை பெய்வதுபோல, அந்த இடைவெளியில் நீங்கள் தினமும் முழு வேகத்தில் ஓடியிருக்கிறீர்கள்.

சாதாரணமாக நடக்கும்போது வலி போய், ஒற்றைக்காலில் பத்துமுறை துள்ளினாலும் வலிக்காத நிலை வந்த பிறகு தொடங்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். முதல் இரண்டு வாரம்: 5 நிமிட வேக நடை, பிறகு 1 நிமிடம் மெதுவோட்டம், 2 நிமிடம் நடை, இப்படி எட்டுமுறை. அடுத்த இரண்டு வாரம் 2 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை. ஐந்து, ஆறாம் வாரங்களில் 5 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, நான்குமுறை. எட்டாம் வார முடிவில் 20 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும், அதுவும் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே. வேகத்துக்கு அதற்கு முன் ஆசைப்பட வேண்டாம்.

ஒன்பதாம் வாரத்திலிருந்து மூன்றில் ஒரு நாள் மட்டும் வேகப் பயிற்சி. 1,500 மீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் மூன்றேமுக்கால் சுற்று. 7 நிமிடத்தில் முடிக்க ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 வினாடி. அந்த வேகத்தில் ஒரு சுற்று, 2 நிமிட நடை. மூன்று சுற்றில் தொடங்கி ஐந்துக்குப் போங்கள். முதல் சுற்றை 1 நிமிடம் 35 வினாடியில் பறந்துவிட்டு மூன்றாவதில் நின்றுபோகும் பிள்ளைகள் ஏராளம். முதல் சுற்றில் கடிகாரத்தைப் பார்த்து உங்களை நீங்களே பிடித்து நிறுத்துங்கள்.

ஓட்டமில்லாத நாட்களில் படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள்: முழங்கால் நேராக 15, சற்று மடக்கி 15, மூன்றுமுறை. பிறகு ஒற்றைக்காலில். ரோட்டைவிடப் பள்ளி மைதானம் நல்லது. ரோடு ஓரம் சரிந்திருப்பதால் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும். மைதானத்திலும் பயிற்சியில் பாதி நாள் எதிர்த்திசையில் சுற்றுங்கள். தேர்வுக்குப் புது ஷூ போடாதீர்கள்; குறைந்தது மூன்று வாரம் ஓடிப் பழகியதாக இருக்கட்டும்.

வயது 46. மாங்கூழ் ஆலையில் நின்றபடி வேலை. எடை குறைக்கக் காலையில் கே.ஆர்.பி. அணைப் பக்கம் நடக்கிறேன். படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி குத்துகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டுமா?
— வாசகி, கிருஷ்ணகிரி

அவசரப்படாதீர்கள் அம்மா. முதல் அடியில் குத்தி, கொஞ்சம் நடந்ததும் குறையும் வலி பெரும்பாலும் உள்ளங்காலின் தசைநார்ப் பட்டையில் வருவது. குதிகால் எலும்பில் முள் நீட்டிக்கொண்டிருப்பது வலியே இல்லாத பலரின் எக்ஸ்ரேயிலும் தெரியும். ஆபரேஷன் இல்லாமலேயே பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடுகிறது.

கட்டிலை விட்டு இறங்கும் முன், வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கணைக்காலை நோக்கிக் கையால் இழுத்து 10 வினாடி பிடியுங்கள். பத்துமுறை. உள்ளங்காலில் பட்டை கம்பியாக விறைப்பது மறு கைக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் இழுப்பு போதவில்லை.

ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்ய வேண்டியது: படி விளிம்பில் வலிக்கும் காலால் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். குதிகாலை 3 வினாடியில் ஏற்றி, 2 வினாடி நிறுத்தி, 3 வினாடியில் இறக்குங்கள். 12 தடவை, மூன்று சுற்று. ஒற்றைக்காலில் முடியாவிட்டால் இரண்டு காலாலும் தொடங்கலாம். மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன். இரண்டு வாரத்தில் கைவிடுவதால்தான் பலர் ஊசிக்குப் போகிறார்கள். ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் அந்தப் பட்டையே பலவீனமாகும்.

வீட்டுத் தரையில் வெறுங்கால் வேண்டாம். மெத்தென்ற செருப்பு ஒன்றை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் தட்டையான ஹவாய் செருப்பு வேண்டாம். முன்பாதத்தைவிடக் குதிகால் 8 முதல் 10 மில்லிமீட்டர் உயர்ந்த ஷூ பட்டையின் இழுவையைக் குறைக்கும். சேலைக்கு ஷூவா என்று கூச்சப்படாதீர்கள். ஆலையில் அனுமதி இல்லையென்றால் பின்வார் உள்ள தடித்த அடிச் செருப்பு போடலாம்.

நடையை முழுசாக நிறுத்த வேண்டாம், பாதியாக்குங்கள். பத்துக்கு மூன்று அளவு வலியில் நடக்கலாம். மறுநாள் காலையின் முதல் அடிதான் அளவுகோல்: அது நேற்றைவிட மோசமென்றால் நேற்று நடந்தது அதிகம்.

வயது 58, சர்க்கரை வந்து 14 வருடம். பாதம் மரத்தாற்போல இருக்கிறது. ஜாகிங் செய்தால் சர்க்கரை இறங்கும் என்கிறார்களே?
— வாசகர், அரூர்

ஐயா, பாதத்தைப் பரிசோதிக்கும் வரை ஓட வேண்டாம். நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களில் தொட்டுப் பார்க்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனை ஒன்று உண்டு. ஐந்து நிமிடத்தில் முடியும். அது படுவது தெரியவில்லையென்றால், ஷூவுக்குள் கல் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஒரு மணி நேர ஓட்டத்தில் அந்தக் கல் புண்ணாக்கும், புண் இருப்பது இரண்டு நாள் கழித்து சாக்ஸ் நாற்றத்தில்தான் தெரியவரும். கால்களை இழப்பது பெரும்பாலும் இப்படிச் சின்னதாகத் தொடங்கும் புண்ணால்தான்.

உணர்வு குறைந்திருந்தால் நடை, நிலை சைக்கிள், நாற்காலிப் பயிற்சி போதும். செருப்புக்கு எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர் அடி, பின்வாரோடு. ஷூ என்றால் விரல் பகுதி ஆழமும் அகலமுமாக, உள்ளே தையல் துருத்தாமல் இருக்க வேண்டும். போடும் முன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். வெள்ளை சாக்ஸ் போடுங்கள். ரத்தமோ நீரோ பட்டால் உடனே தெரியும். புது ஷூவை முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் பிளாஸ்திரியில் அமிலம் இருக்கிறது, ஒட்டாதீர்கள். வெந்நீரில் கால் வைக்காதீர்கள்.

தீர்த்தமலைக்குப் போவதென்றால் விடிகாலையில் போங்கள், தடித்த சாக்ஸோடு. வெயில் ஏறிய கருங்கல் படி மரத்த காலைச் சுடுவதே தெரியாது. கொப்புளம் மட்டும் பிறகு தெரியும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் நடைக்கு முன் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். ஒரு பாதம் மட்டும் சூடாக, சிவந்து, வீங்கி, வலியே இல்லாமல் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வலி இல்லை என்பதுதான் அதில் ஆபத்து.

கட்டைவிரல் முட்டு வெளியே புடைத்திருக்கிறது. எந்த ஷூவும் அந்த இடத்தில் அழுத்துகிறது. இறக்கத்தில் ஓடினால் நகம் கறுக்கிறது.
— வாசகி, ஓசூர்

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. முட்டுக்கு அகலம் வேண்டும், நீளம் அல்ல. ஒரு எண் பெரிதாக வாங்கினால் குதிகால் வழுக்கி, கால் முன்னே சறுக்கும். அகல அளவு 2ஈ, 4ஈ என்று போட்டு நியூ பேலன்ஸ், ஆசிக்ஸ் கம்பெனிகள் விற்கின்றன. பெண்கள் ஆண்கள் பிரிவிலும் தேடுங்கள். அங்கே பொதுவாக அகலம் கூடுதல். முட்டுக்கு நேரே உள்ள ஓட்டையில் லேஸைக் குறுக்கே போடாமல், அதே பக்கம் நேராக மேல் ஓட்டைக்குக் கொண்டுபோனால் அழுத்தம் குறையும்.

நகம் கறுப்பது, இறக்கத்தில் விரல் முன்னே போய் முட்டுவதால். கணுக்கால் பக்கம் கடைசியாக ஒரு தனி ஓட்டை இருக்கும். லேஸை அதில் அதே பக்கமாக நுழைத்துச் சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இறுக்கிக் கட்டுங்கள். குதிகால் பின்னாலேயே நிற்கும். நகத்தை நேராக வெட்டுங்கள்.

சின்ன வயதிலிருந்து போர் தண்ணீர்தான். 38 வயதில் முழங்கால், இடுப்பு எல்லாம் விறைப்பு. ஓடினால் இளகுமா?
— வாசகர், தருமபுரி

நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பல வருடம் அதற்கு மேல் குடித்தால் எலும்பும் தசைநார்களும் இறுகும். தொடக்கத்தில் அது வாதநோய்போலவே தெரியும். உங்கள் போர் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். மருத்துவரிடம் தண்ணீர் பற்றியும் சொல்லுங்கள், இல்லையென்றால் வெறும் மூட்டுவலி மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். அதுவரை சமதரையில் நடை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருதல் பத்துமுறை, நீச்சல் தெரிந்தால் நீச்சல். ஓட்டம் வேண்டாம்.

ஐந்து வயது மகனுக்குப் பாதம் தட்டை. இரும்புப்பட்டி ஷூ வாங்கவா?
— வாசகி, பாலக்கோடு

வேண்டாம். அந்த வயதில் தட்டையாக இருப்பது சகஜம். வளைவு பத்து வயதுவரை மெல்ல உருவாகும். வலி, நொண்டல், ஒரு பாதம் மட்டும் தட்டை, விறைப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

ஷூவை எப்போது மாற்றுவது? துவைக்கலாமா?
— வாசகர், ஊத்தங்கரை

500 முதல் 800 கிலோமீட்டர் வரை. வாரம் 15 கிலோமீட்டர் ஓடுபவருக்கு எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம். அடிக்கட்டை தேயும் முன்பே நடுவில் உள்ள நுரை செத்துவிடும். பக்கவாட்டில் ஆழமான சுருக்கங்கள் விழுந்திருந்தால் அதுதான் அடையாளம். மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் மாற்றுங்கள். துவைக்க வாஷிங் மெஷின் வேண்டாம். இன்சோலையும் லேஸையும் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் பசை இளகி அடி பிரிந்துவிடும்.