இரண்டு புதுப் பாத்தி: நிறத்தைப் பிரித்து நடுவது எப்படி?

கேள்வி: 10 அடிக்கு 4 அடியில் இரண்டு பாத்தி போடுகிறேன். ஒன்றில் மஞ்சள், சிவப்பு. மற்றதில் நீலம், வெள்ளை என்று திட்டம். முன்பு கலப்பு விதை தூவியதில் எல்லாம் ஒரே குழப்பமாகிவிட்டது. ஒரு பக்கம் நாள் முழுக்க வெயில், இன்னொரு பக்கம் மதியம் வரைதான். திண்ணையில் உட்கார்ந்து மாலையில்தான் பார்ப்போம்.

பதில்: மாலைதான் என்றால் முடிவு எளிது. வெளிச்சம் மங்கும்போது முதலில் கறுத்துப்போவது சிவப்பு. வெள்ளையும் வெளிர் நீலமும் கடைசிவரை தெரியும். அதனால் வெள்ளை-நீலப் பாத்தி, அரைநாள் வெயில் விழும் பக்கம் இருக்கட்டும். உச்சி வெயிலில் அந்த நிறங்கள் வெளுத்துத் தெரியும். முழு வெயில் பக்கம் மஞ்சள்-சிவப்புக்கு. அதிலும் சிவப்பைக் குறைத்துவிடுங்கள்.

அடிக்கு ஒரு செடி என்றால் பாத்திக்கு 40. குட்டை ரகச் செண்டுமல்லியில் மஞ்சள் 20, ஆரஞ்சு 12, பின்வரிசையில் சிவப்புக் கோழிக்கொண்டை 8. ஒன்றுவிட்டு ஒன்று நடாதீர்கள். தூரத்திலிருந்து புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஐந்தாறு செடி சேர்ந்த திட்டுகளாக நடுங்கள். பெரிய பூ நெட்டை ரகச் செண்டுமல்லி வேண்டாம், கோழிக்கொண்டையை மறைத்துவிடும்.

மற்ற பாத்தியில் பின்னால் நீலக் கொடிவேலி மூன்று, 3 அடி இடைவெளியில். புதுத் தளிரில்தான் பூக்கும்; ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்ததும் நுனியை வெட்டுங்கள். முன்னால் வெள்ளை நித்தியகல்யாணி 20.

கலப்பு நாற்றில் ரோஸ் நிறம் புகுந்துவிடுமே என்றால், தண்டைப் பாருங்கள். வெள்ளைப் பூ நித்தியகல்யாணியின் தண்டு சுத்தப் பச்சை. ரோஸ் பூப்பதில் செம்மை ஓடும். காசித்தும்பையிலும் பெரும்பாலும் இப்படித்தான். பூக்கும் முன்பே பிடுங்கிவிடலாம்.

திட்டம் கெடுவது பெரும்பாலும் நிறத்தால் அல்ல, நாள் கணக்கால். குட்டைச் செண்டுமல்லி விதைத்த 45–60 நாளில் பூத்துவிடும். கோழிக்கொண்டைக்கும் நித்தியகல்யாணிக்கும் சுமார் மூன்று மாதம். ஆகவே செண்டுமல்லியைவிட நான்கு வாரம் முந்திக் கோழிக்கொண்டையை விதையுங்கள். நித்தியகல்யாணி விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும், மண் மூடியிருக்க வேண்டும். கோழிக்கொண்டை நாற்று தட்டிலேயே கிடந்து வேர் சுருண்டால் விரல் உயரத்திலேயே மொட்டு வைத்து நின்றுபோகும். மொட்டு வந்த நாற்றை வாங்கவே வாங்காதீர்கள்.

பாத்திக்கு மட்கிய எரு 2 அங்குலம் பரப்பி, ஓரடி ஆழம் கொத்திக் கலக்குங்கள். 20 லிட்டர் வாளியில் ஒன்பது, பத்து வாளி பிடிக்கும். யூரியா போட்டால் செண்டுமல்லி இலையாகவே கொழுக்கும். நித்தியகல்யாணிப் பாத்தியை அரை அடி மேடாக்குங்கள். நீர் தேங்கினால் தண்டடி கறுத்து, செடி ஒரே வாரத்தில் சாய்ந்துவிடும். தண்ணீரை வேரடியில் விடுங்கள், பூ மேல் தெளிக்க வேண்டாம்.

வாடிய செண்டுமல்லியை வாரம் ஒருமுறை கிள்ளுங்கள். கோழிக்கொண்டையை விதை கொட்டுமுன் அறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பருவம் பக்கத்துப் பாத்தியில் வெள்ளை நடுவே சிவப்பு முளைக்கும்.