நுகர்வோர் நடத்தையை மாற்றுப் பொருளாதாரம் எப்படிப் பார்க்கிறது?

வழக்கமான பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் நுகர்வோர் தனி ஆள்: வருமானம், விலை, சொந்த விருப்பம், அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரர் என்ன வாங்கினார் என்பது கணக்கிலேயே வராது. இந்தப் பார்வையை ஏற்காத சிந்தனைகளைத்தான் மாற்றுப் பொருளாதாரம் என்கிறார்கள். வசதியைக் காட்டிக்கொள்ளவே பலர் செலவழிக்கிறார்கள் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தார்ஸ்டீன் வெப்லன் 1899-லேயே எழுதிவிட்டார்.

எனக்குப் பிடித்தது 1949-இல் இன்னொரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டூசன்பெரி சொன்னது. ஒரு குடும்பம் வருமானத்தில் எத்தனை பங்கைச் சேமிக்கும் என்பது, சுற்றியிருப்பவர்களோடு ஒப்பிட்டால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அப்புறம், பழகிய செலவு சட்டென்று இறங்காது. வருமானம் குறைந்தால் முதலில் அடிவாங்குவது சேமிப்புதான். பணக்காரர்கள் அதிகம் சேமிக்கிறார்கள், ஆனால் நாடே வளர்ந்தும் சேமிப்பு விகிதம் ஏறவில்லையே என்ற புதிருக்கு இது நேரான விடை: எல்லோர் வருமானமும் சேர்ந்து ஏறினால், ஒப்பீட்டில் யார் இடமும் மாறுவதில்லை.

1957-இல் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனின் நிரந்தர வருமானக் கோட்பாடு வந்தது; இந்த வருட வருமானத்தை அல்ல, நீண்ட காலத்தில் எதிர்பார்க்கும் வருமானத்தை வைத்தே மக்கள் செலவழிக்கிறார்கள் என்பது அது. டூசன்பெரி ஓரங்கட்டப்பட்டார். அவர் தோற்றதால் அல்ல என்பது என் எண்ணம். ஒருவர் விருப்பம் இன்னொருவரைச் சார்ந்தது என்று ஒப்புக்கொண்டால் பாடப்புத்தகத்தின் பழைய சமன்பாடுகள் சிக்கலாகிவிடும்; அதனால்தான்.