நிறை கூடிய பிள்ளையை வைத்தியசாலையில் அனுமதித்தால் சிகிச்சையில் வேறுபாடு இருக்குமா?

கேட்டவர் ஒரு தாயாகத்தான் இருப்பார், வார்ட்டில் யாரோ பிள்ளையின் உடம்பைப் பார்த்துச் சொன்ன சொல் மனத்தில் தைத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். வேறுபாடு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் அது மருந்தின் அளவிலும் கருவியின் அளவிலும் இருக்க வேண்டுமே தவிர, பிள்ளையோடு பேசும் பேச்சில் இருக்கக் கூடாது.

என் மகனுக்கு 10 வயதில் டெங்கு வந்து, கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் அனுமதித்தோம். அவனது நிறை 50 கிலோ. டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையில் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும்; கசிவு நீடிக்கக்கூடிய அந்த 48 மணித்தியாலத்துக்குள் குடிப்பதும் சேலைனுமாக எவ்வளவு நீர் உள்ளே போகலாம் என்பதை நிறையை வைத்தே கணிக்கிறார்கள். 50 கிலோவுக்கு அது 4600 மில்லிலீற்றர். பருமனான பிள்ளைக்கோ தராசு காட்டும் நிறையை விட்டுவிட்டு, அதன் உயரத்துக்கு உரிய நிறையைக் கொண்டு கணிக்க வேண்டும். என் மகனுக்கு அது 32 கிலோ; நீர் 3340 மில்லிலீற்றர். மிகையாகப் போகும் நீர் நெஞ்சில் தேங்கி மூச்சை முட்டச் செய்யும். அட்டையில் நிறை மட்டும் எழுதப்பட்டிருந்தது, உயரம் இல்லை. இரவுக் கடமைக்கு வந்த இளம் வைத்தியர் அதைக் கவனித்து, அவனைப் படுத்தபடியே நாடாவால் அளந்து, பழைய கணக்கை வெட்டிப் புதிதாக எழுதினார். குருதி அமுக்கம் பார்க்கும் கைப்பட்டியையும் பெரியதாக மாற்றச் சொன்னார். பட்டி சிறிதானால் அமுக்கம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அமுக்கம் இறங்குகிறதா என்று காத்திருக்கும் நோயில் அது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

அதே வார்ட்டில்தான் ஒருவர், "இவனுக்கு என்னத்தைத்தான் ஊட்டுகிறீர்கள்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சிங்களத்தில் கேட்டார். பிள்ளைக்குச் சிங்களம் நன்றாகப் புரியும். போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டான். பக்கத்துக் கட்டிலில் மலையகத்துச் சிறுமி ஒருத்தி எலும்பும் தோலுமாகக் கிடந்தாள்; அவளுடைய தாய்க்கும் ஏச்சு விழுந்தது. நாங்கள் இருவரும் பிள்ளைகளுக்குக் காலையில் கொடுத்து வந்தது பாணும் சீனி போட்ட தேநீரும்தான். வீடு திரும்பும்போது தந்த உணவு ஆலோசனைத் தாள் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. தமிழும் அரசகரும மொழியாக இருக்கும் நாட்டில் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருப்பது எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை.

தாதியரைக் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம்; அவர்கள் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவள் நான். பருமனுக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை. கழுத்து மடிப்பு கறுத்துத் தடிப்பது நீரிழிவுக்கு முன்னறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், குணமான பின் மகனுக்கு இரத்தப் பரிசோதனையும் செய்வித்தேன்.

ஆகவே நிறையோடு உயரத்தையும் அளந்து எழுதும்படி கேளுங்கள், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் கையோடு கொண்டு போங்கள். சத்திரசிகிச்சை என்றால், பிள்ளை இரவில் குறட்டை விடுவதையோ தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதையோ மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.