ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய ஸ்போர்ட்ஸ் ரக ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன், 70,000 கி.மீ. ஓடிவிட்டது. வளைவுகளில் நன்றாகச் சாய்கிறது. கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் மூக்கு வெளிப்பக்கமாகவே போகப் பார்க்கிறது. உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங் மட்டும் போதும் என்கிறார் நண்பர். உயரத்தையும் இறுக்கத்தையும் திருகி மாற்றும் காயில்ஓவர்தான் சரி என்கிறார் கடைக்காரர். தினமும் வேலைக்குப் போவதும் இதே வண்டியில்தான். பந்தயத் தடத்துக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை போவேன். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டு யோசனைகளையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இவ்வளவு ஓடிய வண்டியில் முதலில் தெரிய வேண்டியது, எது தேய்ந்திருக்கிறது என்பதுதான். ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் கெடுவதில்லை. சிறிது சிறிதாகத் தளரும். ஓட்டுபவரும் அதற்குப் பழகிவிடுவார். வண்டியைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்: ஷாக்கின் மேல் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிறதா, இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களில் விரிசல் விழுந்திருக்கிறதா? டயர் பழையதாகி இறுகியிருந்தால் முதல் பணம் அதற்குத்தான். சாலையைத் தொடுவது டயர் மட்டுமே. அது பிடிக்காதபோது மேலே என்ன மாட்டினாலும் வீண்.

இனி நண்பரின் யோசனை. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடி. உயரம் குறைக்கும் ஸ்பிரிங் பெரும்பாலும் விறைப்பானது; அமுங்கி எழும்போது அதிக விசையோடு எழும். அதை அடக்கும் வேலை ஷாக்குடையது. பழைய ஸ்பிரிங்குக்கென்று அமைத்த, அதுவும் பாதி தளர்ந்த ஷாக்கால் அது முடியாது. மேடு தாண்டிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. வண்டியை 30 மி.மீ. இறக்கினால், சக்கரம் மேலே எழும்ப இருந்த இடத்தில் அதே 30 மி.மீ. போய்விடும். வளைவின் நடுவே ஒரு பள்ளம் வந்தால் ஷாக் நேராக பம்ப் ஸ்டாப்பில், அதாவது அமுக்கத்தின் எல்லையில் இருக்கும் தடுப்பில், போய் முட்டும். அந்த நொடியில் சஸ்பென்ஷன் கல்லாகிவிடும். டயர் பிடியை விடும். சிறிய கார்களின் முன்புறம் பெரும்பாலும் மேக்பெர்சன் ஸ்ட்ரட்தான், அதாவது ஷாக்கே சக்கரத்தை மேலிருந்து பிடித்து நிற்கும் அமைப்பு. அதில் அதிகமாக இறக்கினால், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால் சாய்வைத் தூண்டும் நெம்புகோலும் நீளும். விறைப்பான ஸ்பிரிங்கால் கிடைத்த பலனில் ஒரு பங்கு இதிலேயே கரைந்துவிடும். பார்வைக்கு அழகு, ஒப்புக்கொள்கிறேன். அழகுக்காகத்தான் என்றால் அதைச் சொல்லியே வாங்குங்கள்.

கடைக்காரர் சொல்லும் காயில்ஓவர் நல்ல பொருள்தான், நல்லதாக வாங்கினால். மலிவான செட்டில் இறுக்கத்துக்கு 32 படிகள் என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். திருகிப் பார்த்தால் பாதிப் படிகளில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரே திருகி இருக்கும் வகைகளில் பலவும் அமுங்குவதையும் எழுவதையும் தனித்தனியாக மாற்ற விடாது. ஈரத்திலும் சேற்றிலும் ஓடும் வண்டியில் உயரம் மாற்றும் மரை துருப்பிடித்து இறுகுவதும் உண்டு. ஆண்டுக்கு ஓரிரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் முதுகு ஏன் அடி வாங்க வேண்டும்?

என் தேர்வு: ஒரே தயாரிப்பாளர் சேர்த்து அமைத்த ஷாக், ஸ்பிரிங் செட், இறக்கம் 15 முதல் 25 மி.மீ.க்குள். கூடவே ஸ்ட்ரட்டை வண்டியின் உடலோடு இணைக்கும் மேல் மவுன்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை மூன்றையும் புதிதாகப் போடுங்கள். எப்படியும் ஸ்ட்ரட்டைக் கழற்றத்தான் போகிறார்கள், கூலி ஒன்றுதான். மெக்கானிக்கிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. அதைத் தவிர்த்தால் டயரின் உள்விளிம்பு ஓசையில்லாமல் தேய்ந்துபோகும். வாரன்டியும் காப்பீடும் என்ன சொல்கின்றன என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பின்பக்கத்துக்குத் தடித்த ஆன்டி ரோல் பார் (சாய்வைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) போட்டால் மூக்கு வெளியே போவது குறையுமா?

பதில்: குறையும். முன்சக்கர இயக்க வண்டியில் செலவுக்கேற்ற பலன் தருவது இதுதான் என்பேன். ஆனால் அளவில் பேராசை வேண்டாம். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது: 20 மி.மீ. திடக் கம்பிக்குப் பதில் 22 மி.மீ. போட்டாலே விறைப்பு சுமார் 46 சதவீதம் ஏறிவிடும். அளவு மீறினால், ஈரச் சாலையில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கும்போது பின்புறம் வீசிவிடும். விறைப்பை மாற்றப் பல துளைகள் உள்ள பார் என்றால் மிக மென்மையான நிலையில் தொடங்குங்கள்.

கேள்வி: பழைய செட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஸ்பிரிங்கை வாங்கலாம், துருவும் விரிசலும் இல்லாமல், உங்கள் மாடலுக்கே உரியதாக இருந்தால். சுருளை வெட்டிக் குட்டையாக்கியதாக இருந்தால் தொடவே தொடாதீர்கள். வெட்டிய முனை தாங்கியில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது நழுவவும் கூடும். ஷாக்கைப் புதிதாகவே வாங்குங்கள்.