டிரெய்லரில் இடம் தேடுகிறவருக்கு

தம்பி, வேலைக்காக ஊர் ஊராக மாற வேண்டியிருப்பதால் மனைவி, குழந்தையோடு, வண்டிக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகும் பழைய டிரெய்லர் வீடு ஒன்றில் குடியேறப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். சாமானெல்லாம் அடங்க என்ன பெட்டி, என்ன தட்டு வாங்கலாம், இன்சூரன்ஸ், வைஃபை, சோலார் எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசி மூன்றுக்கும் ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சாமான் விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது அதில்தான்.

பெட்டி வாங்கும் முன் கதவருகே இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். எத்தனை கிலோ சாமான் ஏற்றலாம் என்று போட்டிருக்கும். 600 கிலோ என்றால் அத்தனையும் உங்களுக்கில்லை. தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் பிடித்தால், நிரப்பியதும் 150 கிலோ போயிற்று. கழிவுத் தொட்டியில் நிற்பதும் கணக்குத்தான். முன்பு வைத்திருந்தவர் பிற்பாடு மாட்டிய பாட்டரியும் சோலார் பலகையும் அந்த ஸ்டிக்கரில் ஏறியிருக்காது. நம்மவர்கள் விமானப் பெட்டி 23 கிலோவுக்கு 200 கிராம் கூடினால் செருப்பை எடுத்துக் கைப்பையில் திணிப்பார்கள். அதே ஆட்கள் டிரெய்லரை ஒரு முறைகூட எடைமேடையில் ஏற்றுவதில்லை.

லாரிகளை எடை போடும் மேடையே போதும். இழுக்கும் வண்டியை மட்டும் ஒரு முறை, டிரெய்லரைக் கோத்து மொத்தமாக ஒரு முறை. இரண்டுக்குமான வித்தியாசம்தான் டிரெய்லரின் எடை. அதில் 10 முதல் 15 சதவீதம், டிரெய்லரை வண்டியோடு கோக்கும் கொக்கியில் இறங்க வேண்டும். 3000 கிலோ டிரெய்லருக்கு 300 முதல் 450 வரை. கனமான சாமானைப் பின்பக்கம் குவித்தால் கொக்கி எடை குறைந்து, வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். முன்பக்கம் அளவுக்கு மீறி அடைத்தால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. அதனால் கருவிப்பெட்டி, டப்பா உணவு, புத்தகம் எல்லாம் தரை மட்டத்தில், சக்கர அச்சுக்குப் பக்கத்தில். மேல் அலமாரிகள் மெல்லிய பலகையில் ஸ்டேபிள் அடித்து நிற்பவை. துணி, டவல், டிஷ்யூ தவிர அங்கே எதையும் ஏற்றாதீர்கள்.

பெட்டி வாங்கும்போது அலமாரியின் உள் அகலத்தை அளக்காதீர்கள், கதவு திறக்கும் வாயை அளங்கள். உள்ளே 60 சென்டிமீட்டர் இருந்தாலும் வாய் 50தான் இருக்கும். வட்டப் பெட்டி மூலையை வீணாக்கும், சதுரமே எடுங்கள். அடியில் வழுக்காத விரிப்பு போடுங்கள்.

கட்டிலுக்கடியில் இருக்கும் இடம்தான் எல்லோர் கண்ணையும் இழுக்கும். பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுக்குங்கள். பல வண்டிகளில் தண்ணீர் பம்பு அங்கேதான் இருக்கிறது. அதன் முகப்பில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வடிகட்டி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டி நகர்ந்து அதை ஒரு இடி இடித்தால் இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசியும். மெத்தைக்கு அடியில் யார் பார்ப்பது? தரைப்பலகை ஊதிய பிறகுதான் தெரியவரும். பம்பைச் சுற்றி ஒரு மரச்சட்டம் அடித்துவிடுங்கள். ஹீட்டர் காற்றை இழுக்கும் சல்லடை, வெளி மின்சாரத்தைப் பாட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் கன்வெர்ட்டர் ஆகியவற்றின் முன்னாலும் எதையும் அடைக்காதீர்கள், சூடேறி நின்றுவிடும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். குளிர்காலத்தில் சுவர் வியர்த்துத் துணியில் பூஞ்சை பிடிக்கும்.

சுவரில் கண்ட இடத்தில் ஸ்க்ரூ போடாதீர்கள், உள்ளே வயரும் குழாயும் ஓடுகின்றன. ஒட்டுக் கொக்கி என்றால் இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பின் அழுத்தி ஒட்டி, சில மணி நேரம் கழித்துத்தான் எதையும் மாட்ட வேண்டும். கழிவுக் குழாய்க்கும் அதன் கையுறைக்கும் மூடியுள்ள தனிப் பெட்டி, குடிநீர்க் குழாய் இருக்கும் அறையில் அது வரவே கூடாது. கேஸ் சிலிண்டர் எதுவும், காலியானதுகூட, வீட்டுக்குள் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீடு மாறுகிற நம்மவர்கள் தங்களுக்கு வேண்டாத மிக்ஸி, சோபா, ஓட்டைச் சூட்கேஸ் எல்லாவற்றையும் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவார்கள். உதவி என்று பெயர், குப்பைக்கூலி அவர்களுக்கு மிச்சம். வந்த புதிதில் எதையும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது, ஒரு காலிப் பாட்டில்கூட நாளைக்கு உதவும் என்று தோன்றும். வருடக்கணக்கில் சக்கரத்தின் மேல் வாழும் எங்களைப் போன்றவர்களிடம் இருப்பது கைப்பிடி கழற்றும் பாத்திரச் செட் ஒன்றுதான். நான்கு பேர் சாப்பாட்டுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

முதல் பயணத்தில் 50 கிலோமீட்டர் ஓடியதும் ஓரங்கட்டி ஒவ்வொரு அலமாரியையும் திறந்து பாருங்கள். நகர்ந்தது எது என்று அப்போதே தெரியும், அங்கேயே மாற்றி அடுக்கிவிடலாம். மேல் அலமாரியைத் திறக்கும்போது மட்டும் நேர் எதிரே நிற்காதீர்கள்.